ராஜா மார்பில் யானை!

கையில் செல்போன் இருந்தால் எல்லோருமே போட்டோகிராபர்தான் என்று நான் நினைத்துக் கொண்டிருந்தேன், போன ஐப்பசி மாதம் வரை. கோலம் போட்டால் படம், வடாம் பிழிந்தால் படம், பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டால் படம். "அம்மா போன்ல இடமே இல்ல, எல்லாம் பூனைதான்" என்று என் பையன் கேலி பண்ணுவான். அப்படிப்பட்ட என்னை ஒரே ஒரு வெள்ளி ரூபாய் பதினைந்து நாள் திண்டாட வைத்துவிட்டது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

பெண்ணுக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வெள்ளிச் சாமான் லிஸ்ட் போட உட்கார்ந்தோம். வெள்ளி விலை கேட்டாலே தலை சுற்றுகிற காலம். என் வீட்டுக்காரர் திடீரென்று, "அம்மாகிட்ட பழைய வெள்ளி ரூபாய் முடிச்சு ஒண்ணு இருக்கே! அதை உருக்கி குங்குமச் சிமிழும் சந்தனக் கிண்ணமும் பண்ணிட்டா என்ன?" என்றார்.

வாஸ்தவம்தான். என் மாமியாரிடம் மஞ்சள் துணியில் முடிந்த 20 வெள்ளி ரூபாய்கள் உண்டு. 1958-ல் அவருக்குக் கல்யாணமானபோது அவருடைய பாட்டி கொடுத்தது. மொத்தம் 21. அதில் ஒன்று பூஜை அறையில் லக்ஷ்மி படத்தின் முன்னால் இருக்கிறது. மற்றவை முடிச்சோடு பீரோவில். எல்லாம் ஐந்தாம் ஜார்ஜ் காலத்து ரூபாய். ஒவ்வொன்றும் 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. நம் பாட்டிமார் மருந்துக்குச் சரக்கு நிறுக்கும்போது "ஒரு ரூபாய் எடை" என்பார்களே, அந்த ரூபாய்தான். பன்னிரண்டு பங்கில் பதினோரு பங்கு வெள்ளி. 20 ரூபாய் என்றால் 233 கிராம். சிமிழும் ஆகும், கிண்ணமும் ஆகும்.

மாமியாரிடம் போய்ச் சொன்னோம். அவருக்கு இப்போது வயது 86. கூடத்து ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "உருக்கறதுன்னா உருக்குங்கோ. பேத்திக்குத்தானே? ஆனா அந்த ராஜா நெஞ்சுல ஒரு யானை இருக்கும். அதைப் பார்த்தீங்களா? எங்க பாட்டி எனக்குக் காட்டியிருக்கா. அது போயிடுமேன்னுதான்…" என்றார்.

"யானையா? ராஜா நெஞ்சிலயா?" என்று என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார்.

"ஆமாண்டா, குட்டி யானை. மிளகு அளவு இருக்கும்."

இவர் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். வயதானவர்கள் இருக்கிற வீட்டில் அந்தப் பார்வை அடிக்கடி நடமாடும்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வருஷமாகவே மாமியார் விஷயத்தில் எங்களுக்கு ஒரு சந்தேகம். ரசத்தில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டார். வாசலில் வந்து நின்ற சொந்தத் தம்பி மகனை, "யாருப்பா நீ?" என்று கேட்டுவிட்டார். எதிரே இருக்கிற தம்ளரைத் துழாவுகிறார். என் நாத்தனார் டெலிபோனில், "அம்மாவுக்கு மறதி வியாதி ஆரம்பிச்சிருக்கு அண்ணி, டாக்டர்கிட்டே காட்டுங்க" என்று இரண்டு தடவை சொல்லியாகிவிட்டது. இப்போது யானை வேறு!

கண் டாக்டரிடம் காட்டிக்கொண்டுதான் இருந்தோம். விழித்திரையின் நடுவே 'மாக்குலா' என்று ஒரு சின்ன இடம் இருக்கிறதாம். நேராகப் பார்ப்பதும், எழுத்துப் படிப்பதும், முகம் அடையாளம் தெரிவதும் அதனால்தான். வயதாக ஆக சிலருக்கு அந்த இடம் நலிந்து போகிறது. சுற்றிலும் தெரியும், பார்க்க நினைக்கிற நடு இடத்தில் மட்டும் புகை மூட்டம். "இவங்களுக்கு இருக்கிற வகையில போன பார்வையைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. நல்ல வெளிச்சமும், எதையும் பெரிசாக்கிக் காட்டறதும்தான் உதவி" என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாங்கள் தலையாட்டிவிட்டு வந்தோம். அந்தக் கடைசி வாக்கியத்தை எவ்வளவு அலட்சியமாகக் கேட்டோம் என்பது பிறகுதான் புரிந்தது.

"சரி அத்தை, படம் எடுத்துப் பெரிசாக்கிப் பார்த்துடுவோம். யானை இருக்கா இல்லையான்னு தெரிஞ்சுடும்" என்றேன். பூனைப் படம் எடுத்த தைரியம்!

முடிச்சை அவிழ்ப்பானேன் என்று பூஜை அறை ரூபாயை எடுத்துக்கொண்டேன். ரூபாயை டைனிங் மேஜையில் வைத்து, யானை மிளகு அளவுதானே, கிட்டப் போனால்தானே தெரியும் என்று போனை அதன்மேல் கொண்டுபோய்க் கவிழ்த்தேன். 'டக்'. வந்தது என்ன தெரியுமா? கூழ்! வெள்ளையாக ஒரு வட்டம், நடுவே என் போனின் கறுப்பு நிழல். இன்னும் கிட்டப் போனேன். இன்னும் கூழ். ஃபிளாஷ் போட்டேன். ராஜா முகத்தில் டார்ச் அடித்த மாதிரி ஒரே பளீர். பத்துப் படம் எடுத்தும் பிரயோஜனமில்லை.

காலேஜிலிருந்து வந்த பையன் எட்டிப் பார்த்து, "என்னம்மா இது, பௌர்ணமி நிலாவா?" என்றான். எனக்கு வந்த கோபத்தில் அன்று டிபன் கிடையாது என்று சொல்லிவிட்டேன். பயல் பயந்துபோய், கை கால்கூடக் கழுவாமல் எனக்குப் பாடம் எடுக்க உட்கார்ந்தான். அவன் சொன்னதும், நான் தடுக்கித் தடுக்கிக் கற்றுக்கொண்டதும் சேர்ந்து இதோ. நகை, நாணயம், கம்மல் திருகாணி, பையனின் கையில் ஏறிய முள் என்று எதைக் கிட்டத்தில் எடுத்தாலும் இதே முறைதான்.

முதல் பாடம், கிட்டப் போகாதே! நம் கண்ணுக்கே மூக்கு நுனியில் வைத்த புத்தகம் தெரியாதல்லவா? போன் லென்ஸும் அப்படித்தான். ஒவ்வொரு போனுக்கும் ஒரு குறைந்தபட்ச தூரம் உண்டு. அதற்குள் போனால் ஃபோகஸே ஆகாது. சாதாரண போன்களில் ஒரு சாண் தள்ளி ஆரம்பித்து, மெல்ல மெல்ல இறக்கிக்கொண்டு வந்தால் ஓர் இடத்தில் படம் கலங்கும். அங்கிருந்து இரண்டு விரற்கடை மேலே ஏற்றிக்கொள்ள வேண்டும். ரூபாய் சின்னதாகத்தான் தெரியும், தெரியட்டும். எடுத்த பிறகு ஓரத்தை வெட்டிவிட்டுப் பெரிதாக்கிக்கொள்ளலாம். தள்ளி நின்றால் இன்னொரு லாபம், போனின் நிழலும் விழாது.

"பூப் படம் போட்ட 'மேக்ரோ'ன்னு ஒண்ணு இருக்கேடா?" என்று கேட்டேன். விலை உயர்ந்த சில போன்களில் அது நன்றாகவே இருக்குமாம். ஆனால் என்னுடையது போன்ற விலை குறைந்த போன்கள் பலவற்றில், அதற்கென்று வைத்திருக்கும் தனி லென்ஸ் மிகச் சாதாரணமானது. இரண்டிலும் எடுத்துப் பார்த்தேன். மெயின் கேமராவில் தள்ளி நின்று எடுத்து வெட்டியதே தெளிவாக இருந்தது. உங்கள் போனிலும் இரண்டையும் சோதித்துவிடுங்கள். விரலை விரித்து விரித்து நாலு மடங்கு, எட்டு மடங்கு என்று ஸூம் பண்ணுவதும் வீண். தூரத்துக்கென்று தனி லென்ஸ் இல்லாத போனில் அது சப்பாத்தி மாவை இழுப்பது மாதிரி. பெரிதாகும், ஆனால் ஓட்டை விழும்.

இரண்டாவது பாடம், லென்ஸைத் துடை. இதைச் சொன்னபோது எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தோசை வார்த்துக்கொண்டே போன் எடுக்கிற கை அல்லவா! லென்ஸில் நல்லெண்ணெய் பூசியிருந்தது. மெல்லிய பழைய பருத்தித் துணியால் துடைத்ததும் பாதிப் புகை மறைந்துவிட்டது.

மூன்றாவது பாடம், கை ஆடக்கூடாது. எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் பட்டனைத் தொடுகிற அந்த நொடியில் போன் அசையும். என் சமையலறையில் ஒரே உயரமுள்ள இரண்டு எவர்சில்வர் டப்பாக்கள் உண்டு. துவரம் பருப்பு ஒன்று, உளுத்தம் பருப்பு ஒன்று. இரண்டையும் இடைவெளி விட்டு வைத்து, மேலே பாலம் மாதிரி போனைப் படுக்க வைத்தேன். கீழே நடுவில் ரூபாய். டைமரை மூன்று விநாடிக்கு வைத்து, பட்டனைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். போன் தானே எடுத்துக்கொள்ளும். டப்பா ஸ்டாண்டில் இன்னொரு சௌகரியம், போனும் ரூபாயும் ஒன்றுக்கொன்று சாயாமல் சமமாக இருக்கும். கிட்டத்தில் எடுக்கும்போது தெளிவாக விழுகிற ஆழம் மிகவும் குறைவு. கொஞ்சம் சாய்ந்தாலும் ராஜாவின் கிரீடம் தெளிவாகவும் தாடி கலங்கலாகவும் வரும்.

நாலாவது பாடம், எங்கே பார்ப்பது என்று போனுக்குச் சொல்ல வேண்டும். திரையில் ராஜாவின் முகத்தின்மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்தால் ஃபோகஸ் அங்கேயே பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் சின்னச் சூரியன் தெரியும். அதைக் கீழே இழுத்து வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும். வெள்ளி பளபளவென்று வெளுத்துப் போனால் அதில் உள்ள கோடுகள் திரும்ப வராது. கொஞ்சம் இருட்டாக வந்தால் பிறகு சரிபண்ணிக்கொள்ளலாம்.

ஐந்தாவது, கீழே விரிக்கிற துணி. நான் வெள்ளை டவல் விரித்திருந்தேன். போன் அந்த வெள்ளையைப் பார்த்து, 'அடேயப்பா, எவ்வளவு வெளிச்சம்!' என்று தானே குறைத்துக்கொள்ள, ரூபாய் கறுத்துவிட்டது. கறுப்புப் புடவை விரித்தேன். இப்போது நேர்மாறாக ரூபாய் வெளுத்துவிட்டது. கடைசியில் பீரோவில் கிடந்த சாம்பல் நிற ரவிக்கைத் துண்டு கை கொடுத்தது. பளபளப்பில்லாத, நடுத்தரமான நிறமே உத்தமம்.

இத்தனையும் பண்ணி, மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, நேர் வெயில் படாத ஜன்னலோரம் வைத்து எடுத்தேன். பிரமாதம்! கிரீடத்தில் கல் கல்லாகத் தெரிகிறது, தாடி மயிர் தெரிகிறது, விளிம்பைச் சுற்றி இங்கிலீஷ் எழுத்துக்கள் பளிச்சென்று இருக்கின்றன. மார்பைப் பெரிதாக்கினேன்.

யானை இல்லை.

மழமழவென்று வெறும் மேடு. சங்கிலி மாதிரி ஏதோ ஒரு கோடு. அவ்வளவுதான்.

"பார்த்தியா? நான் சொன்னேனே" என்றார் என் வீட்டுக்காரர். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். ஆனால் மாமியாருக்குக் கண்தான் மங்கலே தவிர காது பாம்புச் செவி. ஊஞ்சல் நின்றது.

"இல்லையா?" என்றார்.

"இல்லை அத்தை."

"அப்போ எனக்குத்தான் பிசகு போலிருக்கு. சரி, உருக்கிடுங்கோ."

அவ்வளவுதான் சொன்னார். கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தேவலை. அன்று மத்தியானம் சாப்பாடு வேண்டாம் என்றார். சாயங்காலம், "நான் வேற ஏதாவது தப்பாப் பேசிண்டிருக்கேனாம்மா? நீ மறைக்காம சொல்லு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். எனக்குப் பகீரென்றது. இந்த முப்பது வருஷத்தில் எத்தனையோ சண்டை போட்டிருக்கிறோம். ஒரு நாளாவது அவர் என்னிடம் இப்படிப் பயந்த குரலில் பேசியதில்லை. தன் ஞாபகத்தையே நம்ப முடியாமல் போவது என்பது எவ்வளவு பெரிய பயம்! அதை நான் ஒரு போட்டோ எடுத்து அவருக்குக் கொடுத்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து வெள்ளிக்கிழமை. வழக்கம்போல் பூஜைச் சாமான் தேய்க்க உட்கார்ந்தேன். பித்தளைக்குப் புளி, வெள்ளிக்கு விபூதி. குத்துவிளக்கு, கிண்ணம், கடைசியில் லக்ஷ்மி முன்னால் வைக்கிற ரூபாய். இடது கையில் ரூபாயைப் பிடித்து, வலது கைக் கட்டை விரலில் விபூதியைத் தொட்டு வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தவள், சட்டென்று நின்றேன்.

என் கட்டை விரல் எங்கே இருக்கிறது? ராஜாவின் மார்பில்!

நான் இந்த வீட்டுக்கு வந்து 30 வருஷம். வருஷத்துக்கு 52 வெள்ளிக்கிழமை. 1,500 தடவைக்கு மேல் அதே இடத்தில், அதே கட்டை விரல். அதற்கு முன்னால் மாமியார் தேய்த்தது வேறு. யானை என்ன, மலையே இருந்தாலும் தேய்ந்திருக்காதா? இல்லாத யானையை அவர் சொல்லவில்லை. இருந்த யானையை நான் தேய்த்திருக்கிறேன்!

கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் பீரோவுக்கு ஓடினேன். முடிச்சை அவிழ்த்தேன். இருபது ரூபாயும் கறுத்துப்போய், ஒரு மாதிரி நீலமும் பழுப்புமாக இருந்தன. பழைய பழக்கத்தில் கை விபூதியைத் தேடியது. நல்லவேளை, நிறுத்திக்கொண்டேன். அப்படியே விளிம்பைப் பிடித்து எடுத்து, கோடு போடாமல் தெளிவாக இருந்த 1917-ஆம் வருஷத்து ரூபாய் ஒன்றைச் சாம்பல் துணியில் வைத்தேன்.

ஆனால் கறுத்த ரூபாயில் ஜன்னல் வெளிச்சம் எடுபடவில்லை. எல்லாம் ஒரே மட்டமாகத் தெரிந்தது. அப்போதுதான் வாசல் கோலம் ஞாபகம் வந்தது. உச்சி வெயிலில் வாசல் சமமாகத்தான் தெரியும். அதே வாசலைச் சாயங்கால வெயிலில் பாருங்கள், சின்னக் கல்லுக்குக்கூட நீள நிழல் விழும். மேடு பள்ளம் எல்லாம் தெரிந்துவிடும். அதே தந்திரம்தான் இங்கேயும் வேண்டும். ஜன்னல் கதவைச் சாத்தினேன். பையன் படிக்கிற எல்.இ.டி. மேஜை விளக்கை எடுத்து வந்து, கழுத்தை வளைத்து, ரூபாய்க்குப் பக்கவாட்டில் தாழ்வாக வைத்தேன். வெளிச்சம் ரூபாயின் மேலிருந்து விழாமல் அதைத் தடவிக்கொண்டு போகிற மாதிரி. பளீரென்று அடித்ததால் விளக்குக்கு முன்னால் ஒரு பழைய மல் வேட்டித் துண்டை ஒற்றையாகப் பிடித்தேன். பிறகு ரூபாயை மணி முள் மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். ஒரு திருப்பில் ஒன்றுமில்லை. இன்னொரு திருப்பில் சங்கிலி தெரிந்தது. இன்னும் ஒரு திருப்பு…

டைமர் மூன்று விநாடி எண்ணுவதற்குள் என் மூச்சே நின்றுவிடும் போலிருந்தது.

படத்தைப் பெரிதாக்கினேன். ராஜாவின் மேலங்கியில், சங்கிலிக்கு நடுவில், தும்பிக்கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, நாலு காலும் ஊன்றி நிற்கிறது ஒரு குட்டி யானை!

"அத்தை!" என்று நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு மாமி ஓடி வந்துவிட்டார்.

சாயங்காலம் எல்லோரும் வந்த பிறகு பையன் அந்தப் படத்தை டி.வி.யில் போட்டான். மூன்று சென்டிமீட்டர் ரூபாய் பெரிய தாம்பாளம் போல நின்றது. அதிலும் மார்பு இருக்கும் இடத்தை மட்டும் பெரிதாக்கினான். யானை பூசணிக்காய் அளவு ஆயிற்று. மாமியாரை டி.வி.க்கு இரண்டடி தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். அவர் நேரே பார்க்கவில்லை. முகத்தை ஒரு பக்கம் திருப்பி, கடைக்கண்ணால் பார்த்தார். முன்பெல்லாம் அவர் அப்படித் திரும்பிக்கொண்டால், 'நாம் பேசுவதைக் கேட்கப் பிடிக்கவில்லை போலிருக்கிறது' என்று நான் நினைப்பேன். நடுப்பார்வை போனவர்கள் ஓரப் பார்வையால்தான் பார்க்க வேண்டும் என்பது இப்போதுதான் உறைத்தது.

"தும்பிக்கை கீழே தொங்கறது" என்றார். விரலால் காற்றில் வரைந்தார். "இதோ முதுகு. இதோ காலு. பாட்டி இப்படித்தான் விளக்கு கிட்ட வெச்சுக் காட்டுவா. முதல்ல வந்த ரூபாயில தும்பிக்கை குட்டையாப் போச்சாம். யானை இல்லை, பன்னின்னு ஊரெல்லாம் ரகளையாம். அப்புறம்தான் தும்பிக்கையை நீட்டினானாம்."

நாங்கள் மறுபடி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஆனால் இந்தப் பார்வை வேறு.

பையன் உடனே தேடிப் பார்த்தான். அத்தனையும் சரித்திரம்! 1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் பெயரில் முதலில் வந்த ரூபாயில் அந்த யானையின் தும்பிக்கை குட்டையாக அமைந்து, பார்ப்பதற்குப் பன்றி போல இருந்ததாம். மதத்தை அவமதிப்பதாக ஜனங்களுக்குள் பெரிய மனஸ்தாபம் கிளம்பவே, சர்க்கார் அதை நிறுத்திவிட்டு, 1912 முதல் யானையைத் திருத்தி வெளியிட்டிருக்கிறது. நாணயம் சேர்க்கிறவர்கள் 1911 ரூபாயை இன்றைக்கும் 'பன்றி ரூபாய்' என்றுதான் சொல்கிறார்களாம். 1939-ல் பிறந்த என் மாமியாருக்கு அது பாட்டி வாய்க் கதை. ஏழெட்டு வயதில் கேட்டதை 86 வயதில் ஓர் எழுத்துப் பிசகாமல் சொல்கிறார். இவருக்கா மறதி வியாதி?

என் வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "அம்மா, உங்க பாட்டி வேற என்னவெல்லாம் சொல்லியிருக்கா? சொல்லேன்" என்றார். அன்று ராத்திரி சாப்பாடு பத்தரை மணிக்கு.

அதன்பிறகு ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தேன். ரசத்தில் இரண்டு தடவை உப்பு ஏன் விழுந்தது? முதல் தடவை போட்டது கண்ணுக்குத் தெரியவில்லை. தம்பி மகனை ஏன் தெரியவில்லை? முகம் புகை மூட்டமாகத் தெரிந்தது. அவன் வாயைத் திறந்து பேசியிருந்தால் குரலில் தெரிந்திருக்கும். கண் செய்த குற்றத்தையெல்லாம் நாங்கள் மூளையின் தலையில் கட்டியிருக்கிறோம். மறதி வியாதி என்று ஒன்று கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை. சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும். ஆனால் அந்த முடிவுக்கு வருவதற்கு முன்னால் கண்ணையும் காதையும் சோதித்துவிடுங்கள். இன்னொன்று, உங்களுக்கே நேர்க்கோடு வளைந்து தெரிந்தாலோ, ஜன்னல் கம்பி கோணலாகத் தெரிந்தாலோ, படிக்கும் எழுத்தின் நடுவே அழிந்தாற்போல் இருந்தாலோ, 'கண்ணாடி மாற்றணும் போலிருக்கு' என்று நாளைக் கடத்தாதீர்கள். உடனே கண் டாக்டரிடம் போங்கள். மாக்குலா கோளாறில் ஊசி போட்டுக் கட்டுப்படுத்தக்கூடிய வகையும் உண்டு. அதற்கு நாள் முக்கியம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால், மாற்றி மாற்றிப் பார்த்தால்தான் இது தெரியும். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் நல்ல கண் கெட்ட கண்ணை மறைத்துவிடும்.

ரூபாயை உருக்கவில்லை என்று சொல்ல வேண்டியதில்லையே! அதற்குப் பதிலாக, இருபதையும் இரண்டு பக்கமும் படம் எடுத்து வைத்தேன். பக்கத்தில் ஒரு ஸ்கேலும் வைத்து எடுத்தால் அளவு தெரியும். அப்படி எடுக்கும்போது இன்னொரு ரகசியமும் தெரிந்தது. வருஷம் போட்டிருக்கும் பக்கத்தில், அடியில் உள்ள பூவுக்குக் கீழே ஒரு சின்னப் புள்ளி இருந்தால் அது பம்பாயில் அடித்தது. புள்ளி இல்லாவிட்டால் கல்கத்தா. இப்போது நம் பர்ஸில் இருக்கிற நாணயத்திலும் வருஷத்துக்குக் கீழே பாருங்கள். வைர வடிவம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, ஒன்றுமே இல்லாவிட்டால் கொல்கத்தா. லீவு நாளில் குழந்தைகளிடம் போனைக் கொடுத்து இதைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். இரண்டு மணி நேரம் வீடு நிம்மதியாக இருக்கும்.

உங்கள் வீட்டிலும் பழைய நாணயம் இருந்தால் என் தப்பைச் செய்யாதீர்கள். படம் அழகாக வரட்டும் என்று புளி, விபூதி, டூத் பேஸ்ட் எதுவும் வேண்டாம். தேய்த்தால் போவது அழுக்கு மட்டுமல்ல. நாணயத்தின் மேல்தோலும் போகும். சேகரிப்பவர்கள் தேய்த்த நாணயத்தைத் தொடக்கூட மாட்டார்கள். விளிம்பைப் பிடித்து எடுங்கள், விரல் வேர்வை படிய விடாதீர்கள். மெத்தென்ற பி.வி.சி. உறையில் போட்டால் நாளாவட்டத்தில் பச்சைப் பிசுக்கு ஏறும். தனித்தனிக் காகித உறையே நல்லது. படத்தை வாட்ஸப்பில் அனுப்பும்போது சாதாரணமாக அனுப்பினால் சுருங்கி, நுணுக்கமெல்லாம் போய்விடும். 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பினால் அப்படியே போகும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். யாருக்கு அனுப்புகிறோம் என்று பார்த்து அனுப்புங்கள். 'பழைய நாணயத்துக்கு லட்ச ரூபாய் தருகிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள்' என்று ஏமாற்றுகிற கூட்டம் இருக்கிறது. ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில், 'நாங்கள் இதிலெல்லாம் இல்லை, கமிஷன் எதுவும் கேட்பதில்லை, ஏமாறாதீர்கள்' என்று அறிக்கை விட்டிருக்கிறது.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. சிமிழ் கொஞ்சம் சின்னதாகத்தான் வாங்கினோம். அதற்குள் குங்குமத்தோடு 1917 ரூபாயையும் போட்டுக் கொடுக்கலாம் என்றேன். "குங்குமத்துல போட்டா கறுத்துடும்மா, காகித உறையில போட்டுக் குடு" என்று மாமியார் எனக்கே பாடம் சொன்னார். உறையோடு யானைப் படத்தையும் பெரிதாகப் பிரிண்ட் போட்டு வைத்துக் கொடுத்தோம்.

இப்போதெல்லாம் என் போனில் பூனைப் படம் குறைந்துவிட்டது. "அம்மாடி, என் கல்யாண போட்டோவுல எங்க அப்பா ஓரமா நிப்பார். அவர் முகத்தைக் கொஞ்சம் பெரிசாக்கிக் காட்டேன்" என்று மாமியார் கேட்பார். துவரம் பருப்பு டப்பாவும் உளுத்தம் பருப்பு டப்பாவும் மேஜைக்கு வந்துவிடும். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைக்கண்ணால் பார்ப்பார். நான் சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

பூஜை அறை ரூபாய் அங்கேயேதான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை விளக்குத் தேய்க்கிறேன், கிண்ணம் தேய்க்கிறேன். ரூபாயை மட்டும் தேய்ப்பதில்லை. மெல்லிய துணியால் தூசியை ஒற்றி எடுத்துவிட்டு, அப்படியே வைத்துவிடுகிறேன்.